இரண்டு புள்ளி வெளுப்பு

செவல்மங்கலத்தில் செத்துப்போனவர்களை, கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இருக்கும் நிறத்தோடு ஒத்துப்பார்த்துத்தான் அந்தப் பக்கம் சேர்த்துக்கொள்வார்கள். முகமும் போஸ்டரும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடுவார்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்தவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து, பந்தலைப் பிரித்து, வீட்டைக் கழுவிவிட்ட பிறகு அங்கே போய் நிற்பது நன்றாக இருக்காது. அதனால் பேருந்து நிலையத்தில் நான்காம் நடைமேடையின் சிமெண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்த நடைமேடைக்கு எந்தப் பேருந்தும் வருவதில்லை என்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

முன்பெல்லாம் திரும்பி வருகிறவர்கள் வருடத்துக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். அந்தப் பக்கத்து வாசலில் நிறம் பார்க்கிற அலுவலர் தாராளமான மனிதர். போஸ்டரை ஒரு பார்வை, ஆளை ஒரு பார்வை, சரி போ என்றுவிடுவார். ஐப்பசியில் அவருக்கு மாறுதல் வந்தது. புதிதாக வந்தவர் கண்ணாடி போட்டவர். போஸ்டரைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறவர். மார்கழி பாதி போவதற்குள் பெஞ்சில் பதினொரு பேர் ஆகிவிட்டார்கள். பதினோராவது ஆள் சண்முகக்கனி. தளவாயின் மனைவி.

பதினொரு பேருடைய போஸ்டரையும் செய்தது தளவாய்தான்.

பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே அவர் கடை. கனி டிஜிட்டல்ஸ் என்று மனைவி பெயரில் வைத்தது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கட்சிக்காரர்களின் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அங்கேதான் ஃப்ளெக்ஸ் அடிப்பார்கள். ஆனால் கடையைத் தாங்கி நிறுத்தியது கண்ணீர் அஞ்சலிதான். செத்த வீட்டுக்காரர்கள் கையில் ஒரு பழைய படத்தோடு வந்து, மூக்கைச் சிந்திவிட்டு, தவறாமல் ஒரே ஒரு விஷயம்தான் சொல்வார்கள். கொஞ்சம் கலராப் போடுங்க அண்ணாச்சி. கறுப்பாகப் போடுங்கள் என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூடச் சொன்னதில்லை.

தளவாய் அதற்கென்று ஒரு கைமுறை வைத்திருந்தார். இடது கையைத் தூக்கி, மணிக்கட்டைத் திரையோரம் வைப்பார். படத்தில் இருக்கும் முகத்தைத் தன் மணிக்கட்டின் நிறத்துக்குக் கொண்டுவருவார். பிறகு சுண்டுவிரல் தானாக ஒரு பொத்தானுக்குப் போய் இரண்டு தட்டு தட்டும். இரண்டு புள்ளி வெளுப்பு. அவ்வளவுதான், போஸ்டர் முடிந்தது. உப்பளத்தில் கருகிய ஆள், ஏசி அறையில் இருந்த ஆள், தாழம்பூ நிறத்துக் கிழவி, ஈயச்சட்டி நிறத்து மீன்காரி எல்லோருமே தளவாயின் மணிக்கட்டைவிட இரண்டு புள்ளி வெளுப்பாகத்தான் சுவரில் சிரித்தார்கள். திருத்திய படத்தைப் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிடுவது அவர் வழக்கம். அதனால் யாருடைய அசல் நிறமும் அந்தக் கம்ப்யூட்டரில் மிச்சமில்லை.

சண்முகக்கனி போனபோதும் இதே மேஜையில்தான் உட்கார்ந்தார். அழுதுகொண்டே செய்தார். கண் அழுதது, சுண்டுவிரல் தன் வேலையைப் பார்த்தது. பதினாறாம் நாள் அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள்.

திரும்பி வந்தவர்களுக்குக் கெடு நாற்பத்தோராம் நாள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் இறங்கும். முதலில் பாதம், பிறகு கை, கடைசியில் முகம். முகமும் போய்விட்டால் ஒத்துப்பார்க்க ஒன்றும் இல்லை. எந்தப் போஸ்டரும் உதவாது. அப்படிப்பட்டவர்களை நகராட்சி ஆட்கள் காலை பத்து மணிக்கு வந்து வாளியில் கரைத்துப் பொதுச் சுவர்களுக்கு அடித்துவிடுவார்கள். பேருந்து நிலையத்துக் கழிப்பறைச் சுவர் அப்படித்தான் சாம்பலாக இருக்கிறது. நல்ல பிடிமானம், மழைக்கும் உரியாது என்று மேஸ்திரி சொல்வார்.

தளவாய் காலையில் கடை திறப்பதற்கு முன் நான்காம் நடைமேடைக்குப் போய்வருவார். அவரைப் பார்த்ததும் பெஞ்சில் இருப்பவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுச் செத்த அந்தோணிமுத்து வாத்தியார் மட்டும் சும்மா இருக்க மாட்டார்.

"வாரும் தளவாய். பெத்த தாயே அடையாளம் சொல்லாத அளவுக்கு என்னைய மாப்பிள்ளையாக்கி அனுப்பிவச்சீரே, வாரும்" என்பார். அவருக்கு ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது.

அந்தச் செருப்பு போன கதையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் போகிற வழி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கிறது. ரயில்வே கேட், வாழைத்தோப்பு, ஆற்று மணல், மதகு, நாய்கள், பிடிச்சுவர் இல்லாத படிக்கட்டு என்று ஆறு கட்டம், ஏழாவது, வாசல். உயிரோடிருக்கும் சொந்தக்காரர் யாராவது கீபோர்டில் உட்கார்ந்து, செத்தவரை நடத்திக்கொண்டு போக வேண்டும். வாத்தியாரின் மகன் ஓட்டியது அரதப்பழசான மானிட்டர். வேகம் கூடியபோது திரை ஈடுகொடுக்காமல் படத்தை இரண்டாகப் பிய்த்துவிட்டது. இடுப்புக்கு மேலே வாசலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் கால்கள் மணலில் வந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒன்று சேர்ந்தபோது ஒரு செருப்பு குறைந்தது.

தளவாயின் மகள் கோமதி அந்த மாதிரி விடக்கூடியவள் இல்லை. இ-சேவை மையத்தில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் உலகம் பூராவும் இருக்கும் ஆட்களோடு சண்டை போட்டு ஜெயித்துவிட்டு, மறுபடி சாதிச் சான்றிதழ் அடிக்கப் போய்விடுவாள். பதினாறாம் நாள் அம்மாவைச் சேலை மடிப்புக் கலையாமல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியவள் அவள்தான். ஆனால் இரண்டாம் தடவை போகிறவர்களுக்கு வழியில் வேகம் இரட்டிப்பு. வழிதான் தெரியுமே என்று வைத்துக்கொள்கிறார்கள். கடையிலிருந்த மானிட்டர் அதைத் தாங்காது. தவிர, அது எல்லாவற்றிலும் ஒரு நீலம் கலந்து காட்டும். அதில் பார்த்து உண்மையான நிறத்தைப் பிடிக்கவும் முடியாது.

நிறத்துக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு வாங்கிவிடலாம் என்றால் அதற்கும் விதி இடம் கொடுக்கவில்லை. போஸ்டர் செய்த திரையிலேயே வழியும் நடக்க வேண்டும். அலுவலர் அந்தத் திரை வழியாகத்தான் வெளியே பார்ப்பார். ஆகவே நிறமும் பிசகக் கூடாது, வேகமும் பிசகக் கூடாது. அப்படி ஒரே மானிட்டர் வேண்டும்.

முப்பத்தேழாம் நாள் மூன்று பேருமாகத் திருநெல்வேலிக்குப் புறப்பட்டார்கள். எவருக்காக வாங்குகிறோமோ அவர் கூட இருப்பது நல்லது என்று கோமதி சொன்னாள். திரும்பி வந்தவர்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. பெண்களுக்கு ஏற்கெனவே கிடையாது என்பதால் நடத்துநர் சண்முகக்கனியின் டிக்கெட்டை எந்தக் கணக்கில் கிழிப்பது என்று யோசிக்கவே இல்லை. அவளுக்கு அப்போது முழங்கைவரை சாம்பல் ஏறியிருந்தது. சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தளவாய் முன்சீட்டில் உட்கார்ந்தார்.

கடைக்காரர் பெயர் ஆசீர்வாதம். அவரிடம் மூன்று மானிட்டர்கள் இருந்தன.

முதலாவது, விளையாட்டுக்கென்றே செய்தது. அவ்வளவு வேகம். தளவாய் மவுஸைத் தொடுவதற்கு முன்பே திரையில் அம்புக்குறி நகர்ந்துவிட்டது. அது போன இடத்துக்கு அவர்தான் பின்னாலேயே கையைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கோமதி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒரு பாலத்தைத் தாண்டிப் பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஆனால் நிறம் என்று பார்த்தால், கோயில் கொடை விழாவுக்குப் போட்ட சீரியல் லைட்டு மாதிரி இருந்தது. மனிதத் தோல் எல்லாம் பஞ்சுமிட்டாய். இதில் பக்கத்து ஊர் ஆள் ஒருவரை அனுப்பினார்கள் என்றும், வாசலில் நின்றவர் ஆளைப் பார்க்காமல் கண்ணைத்தான் கசக்கிக்கொண்டார் என்றும் ஆசீர்வாதமே ஒப்புக்கொண்டார்.

இரண்டாவதில் நிறமும் உண்டு, வேகமும் உண்டு என்று அட்டையில் போட்டிருந்தது. அதைப் பற்றிக் கேட்டதற்கு அவர், இரண்டையும் இதற்கு முன்னால் பார்க்காதவர்களுக்கு இது போதும் என்றார்.

மூன்றாவதை ஒரு ஈரிழைத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார். துண்டை எடுத்ததும் திரையில் ஒரு தக்காளி இருந்தது. காம்போரம் கொஞ்சம் பச்சை, தோளில் ஒரு சின்ன வடு. சண்முகக்கனி பழக்கதோஷத்தில் கையை நீட்டி, கனிந்திருக்கிறதா என்று பெருவிரலால் அமுக்கிப்பார்த்தாள்.

"இது பொய்யே சொல்லாது அண்ணாச்சி. அதனாலதான் விக்க மாட்டேங்குது" என்றார் ஆசீர்வாதம்.

தக்காளி எங்கே என்று தளவாய் மேஜையைப் பார்த்தார். மேஜை காலியாக இருந்தது. அது நேற்று வைத்த தக்காளி. மதியம் ரசம் வைத்துவிட்டார்கள். இந்த மானிட்டருக்கு ஒரு நாள் தாமதம். இன்றைக்குச் செய்வதை நாளைக்குத்தான் காட்டும். உண்மையைச் சரிபார்க்க அதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

அப்படியானால் வழியில் இது பிய்த்துவிடாதா என்று கோமதி கேட்டாள். பிய்க்காது, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி நாளைக்கு அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிடும் என்றார் கடைக்காரர். அப்படி என்றால் திரையைப் பார்த்து ஓட்ட முடியாது. நாளை தெரியப்போகும் நாய்க்கு இன்றே விலக வேண்டும். கோமதி முதல் மானிட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்று, யாரையும் பார்க்காமல், கீபோர்டிடம் கேட்டாள். தளவாய் நிறம்தான் முக்கியம் என்றார். முன்னே நிறத்தைக் கெடுத்தது யார் என்று அவள் கேட்டாள். ஆசீர்வாதம் துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

சண்முகக்கனிதான் முடித்து வைத்தாள்.

"விழுந்தா எந்திரிச்சுக்கிடுவேன்ட்டி. நிறம் தப்புனா மறுபடி பஸ் ஸ்டாண்டுதான்."

தக்காளியையும் சேர்த்தே பெட்டியில் போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள்.

முப்பத்தெட்டாம் நாள் காலையில் தளவாய் போஸ்டர் செய்ய உட்கார்ந்தார். சண்முகக்கனி எதிரே வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கடை வீடு இல்லையே, அதனால் அங்கே வரலாம். கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. முகம் மட்டும் மிச்சம். எதிர்வெயில் அதில் நேராக விழுந்தது. திரும்பி வந்தவர்கள் கேமராவில் விழ மாட்டார்கள். ஆகவே பழைய படத்தையே எடுத்து, எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்துப் பார்த்து நிறம் சேர்க்க வேண்டும். செய்வது நாளைக்குத்தான் தெரியும். ஆகவே ஒரே தடவையில் பிடிக்கவும் வேண்டும்.

தளவாய் அன்றைக்கு மனதுக்குள் ஒரு சபதம் செய்திருந்தார். என்ன ஆனாலும் அந்த இரண்டு புள்ளி கிடையாது. சுண்டுவிரலை நம்பாமல், அதை மோதிர விரலோடு சேர்த்து ஒரு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டார். பொய்யைக் கட்டிப்போட்டாயிற்று, இனி உண்மை தானாக வரும் என்று நினைத்தார்.

திரையில் இன்னும் தக்காளிதான் இருந்தது. அவர் குனிந்து, எண்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வந்தார். இடது கை எழும்பியது. மணிக்கட்டு திரையோரம் போய் நின்றது.

"ஒருக்கத் தலையத் தூக்கி என்னப் பாருங்களேன்" என்றாள் சண்முகக்கனி.

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார் தளவாய், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவள் சாலைப் பக்கம் திரும்பினாள். பிறகு மேஜையில் சிந்தியிருந்த டீயைத் தலைப்பால் துடைத்தாள். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், திரையில் தெரியாமலே அவர் மணிக்கட்டு நிறத்துக்குப் படம் வந்து சேர்ந்தது. சுண்டுவிரல் ஒருமுறை துடித்தது. ரப்பர் பேண்டு பிடித்துக்கொண்டது. தளவாய் சேமித்தார். பழைய படத்தின் மேலேயே.

மறுநாள் காலை தக்காளி விலகிப் போஸ்டர் தெரிந்தது. கண்ணீர் அஞ்சலி, ஓரத்தில் விளக்கு, நடுவில் சண்முகக்கனி. வெளுப்பில்லை. சாயமில்லை. கோமதி நெடுநேரம் பார்த்துவிட்டு, ரொம்பப் பார்த்த நிறமாக இருக்கிறதே அப்பா, நம்ம வீட்டு நிறம் என்றாள். தளவாய் அதை அச்சடித்து நான்காம் நடைமேடைக்கு எடுத்துப்போய்ப் பெஞ்சில் இருந்தவர்களுக்குக் காட்டினார். இதுதான் அசல் என்று பாதிப் பேர் சொன்னார்கள். அடுத்து எனக்கு, அடுத்து எனக்கு என்று முறை போட்டுக்கொண்டார்கள். அந்தோணிமுத்து வாத்தியார் மட்டும் போஸ்டரையும் தளவாயையும் மாறி மாறிப் பார்த்து, "கணக்குல ஒரு படி விட்டுப்போச்சுவே" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

சண்முகக்கனி போஸ்டரைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அதன் கன்னத்தில் ஒட்டியிருந்த தூசியை ஊதிவிட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச நிறந்தான்" என்றாள்.

நாற்பதாம் நாள் பதினோரு மணிக்குக் கோமதி உட்கார்ந்தாள். திரையில் நேற்றைய போஸ்டர் அசையாமல் இருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை; கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு நாளாக அவள் சோறு தின்னும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் விரல்களால் தொடையில் அந்த வழியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். முதல் பொத்தானை அழுத்தியதும் சண்முகக்கனி நாற்காலியை விட்டு எழுந்து, செருப்பை மாட்டி, படி இறங்கிப் போனாள். ரயில்வே கேட். வாழைத்தோப்பு. கோமதியின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. நாய்கள் கட்டத்தில் அவள் உள்ளங்கை வியர்த்து ஒரு பொத்தான் வழுக்கியது. வழுக்கியதால் என்ன ஆனது என்று நாளைக்குத்தான் தெரியும். விடாமல் படிக்கட்டு ஏறினாள். கடைசிப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போயிருப்பா" என்றாள்.

தளவாய் தலையாட்டினார். அதன் பிறகு அன்றைக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அவருக்குப் பசிக்கவில்லை. நாற்காலி கொஞ்சம் தள்ளி இருப்பது போலவும், தெருச் சத்தம் தண்ணீருக்குள் கேட்பது போலவும் இருந்தது. கவலையில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

நாற்பத்தோராம் நாள். விடிந்ததும் கடையில் மேஜை மேல் இரண்டு டம்ளரில் டீ இருந்தது. கோமதி ஒன்றை எடுத்துக் குடித்தாள். தளவாய் தன்னுடையதைத் தொடவில்லை. பத்து மணிக்கு நகராட்சி ஆட்கள் வாளியோடு நான்காம் நடைமேடை ஓரம் வந்து நின்று, யாருக்கு இன்று என்று தாளைப் பார்த்தார்கள். பதினோரு மணிக்குத் திரையில் ரயில்வே கேட் வந்தது.

சண்முகக்கனி நடந்துகொண்டிருந்தாள். இரட்டிப்பு வேகத்தில் வாழைகள் அவளைக் கடந்து ஓடின. அவள் நிறம் நிறமாகவே இருந்தது. சேலையின் அரக்கு, அதன் ஓரத்து எண்ணெய்க் கறை எல்லாம் துல்லியம். நாய்கள் கட்டத்தில் கோமதியின் கை வழுக்கிய இடத்தில் அவள் விழுந்தாள். எழுந்தாள். முட்டியில் மண்ணைத் தட்டிவிட்டு நாயிடம் ஏதோ சொன்னாள், நாய் ஒதுங்கியது. படிக்கட்டு ஏறி வாசலுக்கு வந்து நின்றபோது கோமதி முதல் தடவையாக மூச்சு விட்டாள்.

அலுவலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். போஸ்டரை அவள் கன்னத்தோடு சேர்த்து வைத்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு போஸ்டரைத் தூக்கிப் பிடித்தபடி, அவள் தலைக்கு மேலாகத் திரை வழியே கடைக்குள் பார்த்தார். அங்கே ஒரு இடத்தில் அவர் பார்வை நின்றது.

"நிறம் சரியாத்தாம்மா இருக்கு. ஒரு புள்ளி கூடக்குறைய இல்ல. ஆளுதான் வெளியில உக்காந்திருக்காரு."

சண்முகக்கனி திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏம்மா, இது நீ இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்யா. அவரு ஆசையாப் போட்டாரு."

அலுவலர் ஒரு புத்தகத்தைத் திறந்து எதையோ அடித்து எதையோ எழுதினார். பெயர் எல்லாம் வீட்டாரின் திருப்திக்காகப் போடுவது, இங்கே நிறம்தான் கணக்கு என்றார். இந்த நிறத்துக்கு உரியவரை வரச்சொல்லி அனுப்பிவிட்டு, நீ வீட்டுக்குப் போகலாம், தலைக்குத் தலை சரியாகிவிட்டது என்றார்.

திரையில் தெரிந்தது நேற்று நடந்தது. ஆகவே தளவாய் நேற்றே கூப்பிடப்பட்டுவிட்டார். ஏன் பசிக்கவில்லை என்றும், காலையில் டீ போட்டு வைத்தது யார் என்றும் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பின்கட்டில் டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. கோமதி அந்தப் பக்கம் திரும்பினாள். அவர் எழுந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர் ஏற்கெனவே வாசலுக்கு உட்புறம், ஒரு கல்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே நல்ல கூட்டம். உள்ளே வந்தவர்கள் போஸ்டரின் நிறத்துக்கு மாறிவிடுவார்கள் என்பதை யாரும் ஊரில் சொன்னதில்லை. சொல்லத் திரும்பி வந்தவர் இல்லை. இருபத்திரண்டு வருடத்துச் செவல்மங்கலம் அங்கே உலாத்திக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரே நிறம். தளவாயின் மணிக்கட்டைவிட இரண்டு புள்ளி வெளுப்பு. புருஷனைத் தேடும் பெண்கள் எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் பெயர் கேட்டுக்கொண்டே போனார்கள். பெயர் கேட்டவர்களிடமே கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டார்கள். மீன்காரி ஒருத்தி அவர் அருகில் வந்து, குனிந்து அவர் முகத்தைப் பார்த்து, நீங்க மட்டும் எப்படி அண்ணாச்சி கறுப்பா இருக்கீங்க என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். தளவாய் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார்.

அலுவலர் அவரிடம் விதியைச் சொன்னார். நிறத்தை வைத்துச் சேர்த்தாயிற்று. ஆனால் கோப்புக்கு அவருடைய பெயரிலேயே ஒரு போஸ்டர் மூன்று நாளைக்குள் வர வேண்டும். அதுவும் ஒத்துப்போனால் நிரந்தரம். அதுவரை இந்தப் பெஞ்சில் இருக்கலாம். செருப்பை மட்டும் அலமாரியில் வைத்துவிட வேண்டும். உள்ளே நடக்கிறவர்களுக்குச் செருப்பு கிடையாது.

பெஞ்சிலிருந்து பார்த்தால் திரையின் உட்பக்கம் தெரிந்தது. அங்கிருந்து பார்க்கும்போது தாமதம் எதுவும் இல்லை. அவருடைய நாற்காலியில் சண்முகக்கனி உட்கார்ந்திருந்தாள். உயரம் போதாமல் பழைய நோட்டு இரண்டைக் கீழே வைத்திருந்தாள். முழங்கையிலிருந்து சாம்பல் வடிந்து, அவள் நிறம் மெல்ல மெல்ல விரல்நுனிக்கு வந்துகொண்டிருந்தது. மழை நின்ற பிறகு செவல் மண் காய்வதற்கு முன்பு ஒரு நிறம் இருக்குமே, அது. தளவாய் அதைப் பார்த்தார். எந்த எண்ணில் அது கிடைக்கும் என்று யோசித்தார். அவருக்குத் தெரியவில்லை.

கோமதி பக்கத்தில் நின்று எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லிக்கொடுத்தாள். தளவாயின் ஒரு பழைய படத்தை எடுத்தார்கள். சண்முகக்கனி மணிக்கட்டை எங்கும் வைக்கவில்லை. தலையைத் தூக்கினாள். அவர் இருக்கும் திசையை, அவர் நேராக எதிரே உட்கார்ந்திருப்பதைப் போல, ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். பிறகு குனிந்து நாலே தட்டில் நிறத்தைப் பிடித்துவிட்டாள். அது அவர்தான். தாடையில் சவரக்கத்தி பட்ட இடத்துப் பச்சைகூடச் சரியாக இருந்தது.

அவ்வளவுதானே அம்மா, அடிச்சிரலாமா என்று கோமதி கேட்டாள்.

"பொறு" என்றாள் சண்முகக்கனி.

அவள் சுண்டுவிரலை நீட்டி, கீபோர்டில் ஒரு பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு தட்டு தட்டினாள்.

தளவாய் குனிந்து இடது செருப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அலுவலர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"செருப்பக் கழத்தாதீரும்."

தளவாய் வாரை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்போது பிடிச்சுவர் இல்லாத அந்தப் படிக்கட்டில் அந்தோணிமுத்து வாத்தியாரின் தொலைந்துபோன ஒற்றைச் செருப்பு, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி வந்துகொண்டிருந்தது. மேலே வந்ததும் அலுவலர் அதைத் தூக்கி, புத்தகத்தில் பார்த்து, இதற்குப் போஸ்டர் இல்லையே என்று கீழே வைத்தார். தளவாய் அதை எடுத்து மண்ணைத் தட்டி மடியில் வைத்துக்கொண்டார். நாளைக்கு எப்படியும் நான்காம் நடைமேடைப் பெஞ்சுக்குப் போகிறவர்தானே, கொடுத்துவிடலாம்.